மணவாளன் விட்ட மறுபிடி

மணவாளன் பவானிக்கு நாற்பதாயிரம் ரூபாய் தர வேண்டியிருந்தது. பத்திரம் கிடையாது, சாட்சிக் கையெழுத்து கிடையாது. அந்தப் பணத்தில் ஒரு ரூபாயைக்கூட அவன் கையால் வாங்கியதும் இல்லை. ஆனாலும் கடன் கடன்தான். மங்கலம்பேட்டைப் பக்கத்து மாட்டுச் சந்தையில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். இல்லை என்று சொன்னது ஒரே ஒரு வாய். அது மணவாளனுடையது.

மணவாளன் லேசுப்பட்ட ஆள் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். கீரப்பாளையத்தில் அடுத்தவன் வயலுக்கு ஏர் ஓட்டிய குடும்பம். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுச் சந்தைக்குச் சாணி அள்ள வந்தவன். யாரும் கை பிடித்துத் தூக்கி விடவில்லை. முப்பது வயதில் சந்தையின் முதல் தரகன் ஆனான். மாடி வைத்த வீடு கட்டினான். மகளை டிகிரி படிக்க வைத்துப் பவுன் போட்டுக் கட்டிக் கொடுத்தான். பேங்க்கில் மாட்டுக் கடன் கொடுக்கிற ஆபீசர்கூட, மாடு வாங்குவதற்கு முன்னால் மணவாளனுக்குத்தான் போன் போடுவார். மெத்தப் படித்தவன் ஒரு மாட்டைப் பார்த்தால் மாடு தெரியும். மணவாளன் பார்த்தால் அதன் பல், சுழி, எத்தனையாவது ஈத்து, நேற்று சாயங்காலம் பால் கறந்தார்களா, இல்லை மடி பெருசாகத் தெரிய வேண்டுமென்று கறக்காமல் ஓட்டி வந்தார்களா, எல்லாம் தெரியும்.

அந்தச் சந்தையில் வாயைத் திறந்து விலை சொல்கிற வழக்கம் இல்லை. தரகன் தோள் துண்டை எடுத்து இரண்டு கைகளின்மேல் போடுவான். துண்டுக்கு அடியில் விரல்கள் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று. கை முழுவதையும் பிடித்தால் ஐந்து. விரலின் நடுக்கணுவில் கட்டை விரலை வைத்து அழுத்தினால் அரை. ஆயிரமா பத்தாயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே விளங்கும். விற்கிறவர் கையைப் பிடித்து அவர் விலையைத் தெரிந்துகொண்டு, அதை மனசுக்குள் சுமந்துகொண்டு வாங்குகிறவரிடம் போக வேண்டும். அவர் பிடிப்பதைச் சுமந்துகொண்டு திரும்பி வர வேண்டும். ஒரே நேரத்தில் ஏழெட்டு வியாபாரம் நடக்கும். எல்லாக் கணக்கும் தலைக்குள்ளேதான்.

பேச்சு முடிகிற இடத்தில் ஒரு காரியம் உண்டு. மறுபிடி என்பார்கள். தரகன் பிடித்த விலையை வாங்குகிறவன் அப்படியே தரகன் கையில் திருப்பிப் பிடித்துக் காட்ட வேண்டும். சரியாக இருந்தால் தரகன் தலையாட்டுவான். அதற்கப்புறம்தான் கயிறு கை மாறும். கயிறு மாறிவிட்டால் விலை மாறாது. அதில் தப்பு நேர்ந்தால் வித்தியாசத்தைத் தரகன்தான் கட்ட வேண்டும். துண்டுக்குள் நடந்ததற்கு வேறு யார் பொறுப்பாக முடியும்?

ஐம்பதைத் தாண்டியபோது மணவாளனுக்குத் தலை மங்க ஆரம்பித்தது. வியாபாரமும் முன்னைப் போல் இல்லை. மாட்டை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டு, வீட்டிலிருந்தே விற்கிற கூட்டம் கிளம்பியிருந்தது. இருக்கிற வியாபாரத்தைப் பிடிக்க இரண்டு மடங்கு வேகம் வேண்டும். அந்த நேரம் பார்த்து அவனுக்கு மறதி. ஒருநாள், விற்கிறவர் கையைப் பிடித்து விலை வாங்கிக்கொண்டு பத்தடி நடந்தான். எத்தனை என்று மறந்துபோயிற்று. திரும்பி வந்து, மறுபடி கையைப் பிடித்தான். அந்தப் பெரியவர் சந்தை முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தார்.

"என்னா மணவாளா, என் கை அவ்ளோ மெத்துன்னா இருக்குது? ரெண்டு தடவ புடிக்கிற!"

எல்லாரும் சிரித்தார்கள். மணவாளனும் சிரித்தான். ஆனால் அன்று மத்தியானம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அவன் பெண்டாட்டி கனிமொழியின் தம்பி செந்தமிழ்செல்வன் நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவன். வெட்டுக் காலத்தில் மில் வாசலில் லோடோடு வரிசையில் கிடந்து, இறக்கியதும் அடுத்த லோடுக்கு ஓட வேண்டும். தூக்கம் என்ற பேச்சே கிடையாது. அக்கா வீட்டுக்கு வந்தவன், மாமனின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தான்.

"மாமா, இத பாதி போடு. டீயோட."

"என்னாடா மச்சான் இது? தூக்க மாத்திரையா?"

"அதுக்கு நேர்மாறு. செதம்பரத்துல காலேஜ் பசங்க பரீச்சைக்குப் போடுறது. மனசு ஒரு எடத்துல நிக்காத புள்ளைங்களுக்கு டாக்டர் எழுதித் தர்றதாம். நமக்கு ஒருத்தன் சீட்டு இல்லாமத் தர்றான். இத போட்டா மூள ஹெட்லைட் மாதிரி எரியும்."

"எனக்கு எரியாமலா கெடக்குது?"

"எரியுது மாமா. டிம்ல எரியுது."

வேறு எவனாவது சொல்லியிருந்தால் அடி விழுந்திருக்கும். மச்சான் என்பதால் மணவாளன் அட்டையை வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டான்.

அவன் ஒன்றும் இதற்கெல்லாம் புதியவன் இல்லை. சந்தையில் வெறும் புத்தியோடு நிற்கிறவன் எவன்? விடியலில் டீ. டீ இறங்கியதும் புகையிலை. வியாபாரம் தடிக்கிற நேரத்தில் ஒரு பீடி. டீ ஆளை எழுப்பும், புகையிலை ஆளை நிறுத்தி வைக்கும். இதுவும் அந்த மாதிரி ஒன்றாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று அடுத்த சந்தை நாளில் பாதி மாத்திரையைப் போட்டான்.

அரை மணி நேரம் கழித்து, தலைக்குள் யாரோ ஒட்டடை அடித்துவிட்டுப் போனது போல் இருந்தது.

சந்தையில் நின்ற அத்தனை மாடுகளும் தனித்தனியாகத் தெரிந்தன. மற்ற நாட்களில் அது கண்ணுக்கு வெறும் கூட்டம்தான். ஒருவன் கிழட்டு மாட்டுக்குப் புதுக் கயிறு கட்டியிருந்தான். கயிற்றைப் பார்த்ததும் அவன் எதை மறைக்கிறான் என்று மணவாளனுக்குப் பளிச்சென்று தெரிந்தது. ஒரு வியாபாரி வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே மாட்டின் நிழலுக்குள் காலை வைத்து நின்றான். அவன் வாங்கத்தான் போகிறான். எண்கள் தலைக்குள் குழந்தைகள் பிரேயருக்கு நிற்கிற மாதிரி வரிசையில் நின்றன. கூப்பிட்ட எண் ஓடி வந்தது. பேச்சோ அருவியாகக் கொட்டியது. கோபம் என்பதே காணோம். எட்டு வருஷமாக முகம் பார்க்காத பங்காளி ஒருவனைக் கூப்பிட்டுத் தோளில் கை போட்டு வடையும் டீயும் வாங்கிக் கொடுத்தான். அவன் மிரண்டு போய்ப் பாதி வடையை வைத்துவிட்டு ஓடினான்.

அன்றைக்கு வந்த தரகு வழக்கமான நாளில் வருவதைப் போல மூன்று பங்கு. வீட்டுக்கு வந்து கனிமொழியிடம் விடாமல் கதை சொன்னான். அவள் வைத்த மீன் குழம்பை ஊரில் எவளும் வைக்க முடியாது என்று புகழ்ந்தான். புகழ்ந்தானே ஒழிய ஒரு வாய் தின்னவில்லை.

புத்தி என்பது ஆண்டவன் அளந்து கொடுத்தது, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தவன் அவன். அதைக் கூட்டிக்கொள்ள முடியும் என்று தெரிந்த பிறகு யார்தான் சும்மா இருப்பார்கள்? நாலாம் வகுப்பு படித்தவன், படித்தவர்களின் மூளையைக் கடையில் விற்கிறார்கள் என்றால் வாங்காமல் விடுவானா? மணவாளன் வாங்கினான். சந்தை நாளுக்குப் பாதி, அப்புறம் ஒன்று, அப்புறம் காலையில் ஒன்று வெயில் ஏறியதும் ஒன்று. ஒரு வருஷம் அவன் கொடிதான் பறந்தது. வாட்ஸ்அப்பில் மாடு விற்றவர்கள்கூட, முடியாத வியாபாரத்தை முடித்துக் கொடு என்று அவனிடம் வந்தார்கள். மணவாளனுக்கு ரெண்டு மூளை என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். அவன் காதில் அது விழாமல் இல்லை.

சந்தை இல்லாத நாட்களில் நனைந்த சாக்கு மாதிரி கிடந்தான். பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு உடம்பு இளைத்தது. நெஞ்சு காரணமில்லாமல் ஓடும். விரல் நுனியில் சின்னதாக ஒரு நடுக்கம் வந்து உட்கார்ந்தது. டீ டம்ளரைப் பிடித்தால் டீயின்மேல் வட்டம் வட்டமாக ஓடும். அதையும் கனிமொழிதான் முதலில் பார்த்தாள்.

"மாட்டுக்கு ஊசி போட்டு மடியப் பெருசாக்கிக் கொண்டாறானே, அவன எப்டி வையிவீங்க?"

"எவன?"

"எவனோ ஒருத்தன. கை கால உடைக்கணும்னு சொல்வீங்கல்ல. நீங்க உங்க மண்டைக்கு அதத்தான் பண்ணிக்கிட்டு இருக்கீங்க. பெருசாத்தான் தெரியிது. கறந்தாத் தெரியும் எவ்ளோ வருதுன்னு."

"சம்பாதிச்சுக் கொட்டுறன்ல? அத எண்ணி உள்ள வை."

"எண்ணித்தான் வைக்கிறேன். தூங்கிட்டு எண்ணிக் குடுங்க, இன்னும் நல்லா இருக்கும்."

அவன் பேச்சை விட்டுவிட்டு வெளியே போனான். அவனுக்கு அப்போதெல்லாம் பேசத்தான் தெரியும், கேட்கத் தெரியாது.

பவானியின் ஊர் சிதம்பரத்துக்குக் கிழக்கே, கடல் காற்று எட்டுகிற தூரத்தில் இருந்தது. புருஷன் செத்த பிறகு ஒன்றேகால் ஏக்கரையும் இரண்டு கறவை மாடுகளையும் வைத்துக் குடும்பத்தை இழுத்தவள். அந்தக் கோடையில் அவள் போர்வெல் தண்ணீர் உப்புக் கரித்தது. வாயில் வைத்தால் துப்புகிற உப்பு. இன்னும் ஆழமாக இறக்கினால் உப்புக்குக் கீழே நல்ல தண்ணீர் இருக்கிறது என்று பக்கத்து வயல்காரர்கள் சொன்னார்கள். போர் வண்டிக்காரன் அடிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு ஒரு லட்சத்து எழுபதாயிரம் கேட்டான். நாளும் குறித்துவிட்டான். மாடுகளை விற்றால்தான் உண்டு. ஜோடி போட்ட மாதிரி இரண்டு மாடு. இரண்டும் மூன்றாம் ஈத்து, ஒரே பால், ஒரே நிறம். சினை பிடித்து நின்றன. உள்ளூரில் விற்றால் ஒரு மாடு அறுபதாயிரத்துக்குமேல் போகாது. மேற்கே நல்ல விலை கிடைக்கும் என்று மணவாளனிடம் வந்தாள்.

"அண்ணே, ஒரு மாடு எம்பத்தஞ்சாயிரத்துக்குக் கொறஞ்சா எனக்குத் தண்ணி இல்ல. அத மட்டும் மனசுல வச்சிக்குங்க."

"தங்கச்சி, இது மணவாளன் கை. உன் தண்ணிக்கு நான் பொறுப்பு."

சொன்னது அவன் வாய். அதை அவள் அப்படியே நம்பினாள்.

பவானி மாடுகளைச் சந்தைக்குக் கொண்டுவந்த செவ்வாய்க்கிழமை, காலையிலேயே அவன் இரண்டு மாத்திரை போட்டிருந்தான். கடலூர் முதுநகரிலிருந்து ராபர்ட் வந்திருந்தார். பெரிய வியாபாரி. பால் பண்ணைகளுக்கு மாடு வாங்கிக் கொடுக்கிறவர். கறார்ப் பேர்வழி, ஆனால் கொடுத்த வாக்கை மாற்றாதவர் என்று பெயர். பவானியின் மாடுகளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பிடிக்காத மாதிரி உதட்டைப் பிதுக்கினார். மணவாளனுக்கு அவர் மனசு கண்ணாடி போட்டுப் பார்ப்பது போல் தெரிந்தது. இந்த ஆள் ஒரு மாட்டுக்கு எட்டரை, அதாவது எண்பத்தைந்தாயிரம் கொடுப்பான். எட்டரைக்குமேல் ஒரு பைசா தரமாட்டான். எட்டரைக்குத் தராமலும் இருக்கமாட்டான்.

பவானியின் கையைத் துண்டுக்குள் பிடித்தான். கை முழுவதும், அப்புறம் மூன்று விரல், அப்புறம் அரை. அவள் கண் மலரத் தலையாட்டினாள். ராபர்ட்டிடம் போனான். துண்டைப் போட்டான். பேசிக்கொண்டே பிடித்தான், சிரித்துக்கொண்டே பிடித்தான், பக்கத்தில் போகிறவனுக்கு வேறொரு வியாபாரத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டே பிடித்தான். ராபர்ட் ஒரு கணம் புருவத்தைத் தூக்கினார். மறுபிடிக்காக விரலை நீட்டினார். மணவாளன் அதற்குள் துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டான்.

"ஒம் மனசு எனக்குத் தெரியாதாய்யா ராபர்ட்டு? கயித்தப் புடி, கயித்தப் புடி!"

கயிறு மாறியது. மாடுகள் வண்டியில் ஏறின. ராபர்ட் பணத்தை எடுத்து மணவாளனிடம் நீட்டினார். அவன் அதை எண்ணாமல்கூட பவானியிடம் கொடுத்துவிட்டு அடுத்த வியாபாரத்துக்கு ஓடினான். அவள் ஓர் ஓரமாக உட்கார்ந்து எண்ணினாள். மறுபடி எண்ணினாள். எழுந்து ஓடி வந்தாள்.

"அண்ணே, ஒண்ணு முப்பதுதான் இருக்கு!"

ராபர்ட் வண்டியில் ஏறப் போனவர் நின்றார்.

"ஆறரை ஆறரை, ரெண்டு மாடு, ஒண்ணு முப்பது. கரெக்டாத்தானே குடுத்தேன்?"

"ஆறரையா? யோவ், எட்டரை புடிச்சேன்யா நான்!"

"மணவாளா, கை முழுசும் புடிச்ச, ஒரு வெரலு புடிச்ச, அரை அழுத்துன. எனக்கே ஆச்சரியம். இந்த மாடு ஆறரைக்கு வருதான்னு மறுபிடிக்குக் கை நீட்டுனேன். துண்ட உருவிக்கிட்டு ஓடிட்ட. எல்லாரும் பாத்தாங்க."

"மூணு வெரல் புடிச்சேன்! என் கண்ணு முன்னாடி நிக்கிதுய்யா. ஒன் சுண்டு வெரல்ல ஒரு தழும்பு இருக்குது, அதுகூடத் தட்டுப்பட்டுது எனக்கு!"

ராபர்ட் வலது கையை விரித்துக் காட்டினார். சுண்டு விரலில் தழும்பு எதுவும் இல்லை.

 கூட்டத்தில் யாரோ, "ரெண்டு மூளைல எந்த மூள பாத்துச்சாம்?" என்றான். மணவாளன் ராபர்ட்டின் சட்டையைப் பிடித்தான். நாலு பேர் விலக்கி விட்டார்கள். பவானி மாடுகள் ஏறிய வண்டியைப் பார்த்தபடி நின்றாள்.  கயிறு மாறிவிட்டது.

மணவாளன் ஒப்புக்கொள்ளவில்லை. ராபர்ட் திருடன், அவனே கட்டட்டும் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். பொய்யாகச் சொல்லவில்லை. தன் கை மூன்று விரலைப் பிடித்தது அவனுக்கு அவ்வளவு தெளிவாக ஞாபகம் இருந்தது. அந்த வெளிச்சத்தில் தெரிந்தது தப்பாக இருக்க முடியுமா? தெளிவாகத் தெரிந்தால் உண்மை என்றுதானே மனுஷன் நினைப்பான்? நான் வளர்ந்து வந்த வளர்த்திக்கு ஒரு பொம்பளை காசில் கை வைப்பேனா என்று கேட்டான். யாரும் அதைச் சொல்லவே இல்லை என்பதுகூட அவனுக்கு உறைக்கவில்லை.

பவானி வீடு தேடி வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"போர் வண்டி நாளைக்கு வருதுண்ணே. நாப்பது இல்லன்னா பாதியில நிறுத்திடுவான்."

"ராபர்ட்டக் கேளு தங்கச்சி."

"எனக்கு ராபர்ட்டு யாருன்னு தெரியாது. உங்களத்தான் தெரியும்."

கனிமொழி உள்ளேயிருந்து வந்து தன் கழுத்துச் செயினைக் கழற்றப் போனாள். மணவாளன் கத்திய கத்தலில் பவானியே அவள் கையைத் தடுத்துவிட்டுப் போனாள்.

போர் வண்டி வந்தது. பணம் இருந்த அளவுக்கு வண்டிக்காரன் இறக்கினான். உப்புத் தண்ணீரில் கிடந்தது குழாய். நல்ல தண்ணீர் இன்னும் கீழே. ராடுகளைக் கழற்றி வண்டியில் அடுக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டான். அந்தத் தண்ணீரையே விட்டு நட்ட நாற்று, நுனி பழுத்து, ஒரு வாரத்தில் வைக்கோல் நிறமாயிற்று.

அடுத்தடுத்த சந்தைகளில் மணவாளன் துண்டைப் போட்டால் எதிரே இருக்கிறவன் ஒன்றுக்கு இரண்டு தடவை மறுபிடி கேட்டான். அவமானமாக இருந்தது. இன்னும் ஒன்று கூடப் போட்டுக்கொண்டான். மங்கலம்பேட்டை இளவரசு, சின்ன வியாபாரி, அவனை மாமா என்று கூப்பிடுகிறவன், அவனும் இரண்டாம் தடவை மறுபிடி கேட்டான். மணவாளனுக்குப் பொறுக்கவில்லை.

"நீயுமாடா? ராபர்ட்டு சொன்னத நம்பிட்டியா?"

இளவரசு சுற்றும் முற்றும் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"ராபர்ட்டு சொன்னதுக்கில்ல மாமா. அன்னிக்குக் காலைல எங்கிட்ட ஒரு கிடாரி முடிச்சீங்கல்ல? நாலுன்னு பேச்சு. நீங்க ரெண்டுதான் புடிச்சீங்க. நான் மறுபிடில ரெண்டு காட்டுனேன். சிரிச்சிட்டு, போடா குறும்புன்னு சொல்லி, நாலா திருத்திப் புடிச்சீங்க."

"அப்டி ஒண்ணு நடக்கவே இல்ல."

"நடந்துச்சு மாமா. ரெண்டுக்கு அமுக்கி இருந்தா எனக்கு லாபம்தான். நீங்களாச்சேன்னு விட்டேன்."

மணவாளனுக்கு அந்தக் கிடாரி ஞாபகம் இருந்தது. அதன் நெற்றியில் வெள்ளைப் புள்ளி, இளவரசு போட்டிருந்த கட்டம் போட்ட சட்டை, எல்லாம் இருந்தது. ஒரே பிடியில் நாலு பிடித்து முடித்ததும் ஞாபகம் இருந்தது. திருத்தியது மட்டும் இல்லை. மழை கழுவிய வெளிச்சத்தில் தெரிகிற மாதிரி, நடக்காத ஒன்று அங்கே நின்றது.

அவன் துண்டை எடுத்து இளவரசின் கைமேல் போட்டான். கைக்குள் நிதானமாகப் பிடித்தான். கை முழுவதும். மூன்று விரல். அரை. தன் உடம்பில் இருக்கிற அத்தனை கவனத்தையும் விரலுக்குக் கொண்டுவந்து பிடித்தான்.

"எவ்வளவுடா?"

"ஏழு மாமா."

இன்னொரு தடவை பிடித்தான்.

"எவ்வளவு?"

இளவரசு தலையைக் குனிந்தான். மணவாளன் அவன் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"ஆறரை மாமா," என்றான் இளவரசு. "வெரலு நிக்கலியே. துடிக்கிது."

மணவாளன் சந்தை நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். நெஞ்சு அடித்த அடியில் காது அடைத்தது. யாரோ சோடா வாங்கிக் கொடுத்தார்கள்.

மறுநாள் பஸ் ஏறிச் சிதம்பரம் போய், அங்கிருந்து பவானியின் ஊருக்குப் போனான். அவள் வயல் வரப்பில் நின்றாள். குழாயின் வாயைச் சாக்கு வைத்துக் கட்டியிருந்தாள். காய்ந்த நாற்றைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

"கடன் என்னுதுதான் தங்கச்சி. நான்தான் தப்பாப் புடிச்சேன்."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். எலும்பும் வேட்டியுமாக நின்றான்.

"எப்பத் தருவீங்க?"

அவன் வெறுங்கையை விரித்தான். சம்பாதித்ததில் பெரும்பங்கு மாத்திரைக்காரனுக்கும், மகள் வீட்டுச் சீருக்கும், சந்தையில் தாராளமாக வாங்கிக் கொடுத்த டீக்கும் போயிருந்தது. கனிமொழி எண்ணி வைத்தது வீட்டுக் கடனுக்குப் போயிருந்தது.

மாத்திரையை நிறுத்தினான். இதை ஒரு வரியில் சொல்லிவிடலாம், ஆனால் அவன் அதை ஒரு வரியில் செய்யவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தான். பகலும் இரவும் தூங்கினான். விழித்திருந்த நேரமெல்லாம் அழுதான். ஐம்பது வருஷம் அழாத ஆம்பிளை. கடலூரில் ஒரு டாக்டரிடம் கனிமொழி இழுத்துப் போனாள். "இதயம் ரொம்பப் பலவீனமாயிருக்குங்க. இனிமே போட்டா நான் பார்க்கிறதுக்கு ஒண்ணும் இருக்காது," என்றார் டாக்டர். செந்தமிழ்செல்வன் ஒருநாள் வந்து வாசலில் நின்றான். அக்கா அவனை உள்ளே விடவில்லை.

"நான் நல்லதுக்குத்தான் குடுத்தேன்க்கா."

"நீ போடுறத நீ நிறுத்திட்டு வா. அப்பறம் பேசலாம்."

அவன் நிறுத்தவில்லை. வரவும் இல்லை.

தலை மறுபடி மங்கியது. பழைய மங்கலைவிட ஜாஸ்தி. பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை கைநழுவிப் போகும். விரல் நடுக்கமும் முழுசாக விடவில்லை. சந்தைக்குப் போனான். துண்டோடு நின்றான். காலையிலிருந்து வெயில் சாயும் வரைக்கும் நின்றான். அவனிடம் எவனும் கையை நீட்டவில்லை. யாரும் கேலி செய்யவும் இல்லை. கேலி செய்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

சாயங்காலம் ராபர்ட் வந்தார்.

"வண்டில மாடு ஏத்தி எறக்க ஆளு வேணும். மாட்டுக்கு நூறு ரூபா. வர்றியா?"

சட்டையைப் பிடித்தவனிடம் அவர் அதைக் கேட்டார். மணவாளன் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு போய் மாடு ஏற்றும் பலகையைப் பிடித்தான். தான் விலை பேசிய மாடுகளைத் தள்ளி ஏற்றினான். தன்னிடம் வணக்கம் போட்டவர்கள் பார்க்கத்தான் ஏற்றினான். ஒரு தடவை ஒரு காளை உதைத்து, தொடையில் ரத்தம் கட்டியது, அதோடும் ஏற்றினான். பைக்கை விற்றான். அதில் வந்தது பதினைந்தாயிரம். மீதி முழுக்க மாடு ஏற்றிய காசு. கனிமொழியிடம் கொடுத்து வைப்பான். அவள் செயினை விற்றுக் கட்டிவிடலாம் என்று சொன்னபோதெல்லாம் வேண்டாம் என்று தலையாட்டினான். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் பழைய மணவாளன் கொஞ்சம் மிச்சம் இருந்தான்.

நாற்பது சேருவதற்குள் அடுத்த கோடையும் வந்துவிட்டது.

பவானியின் ஊருக்குப் போனபோது வயல் இருந்த இடத்தில் வரப்புகளைக் காணோம். பொக்லைன் வைத்து மண்ணைத் தோண்டிக் கரை கட்டியிருந்தார்கள். கரைக்குள் பழுப்பாகத் தண்ணீர். நடுவில் மோட்டார் வைத்த சக்கரங்கள் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தன. யாரோ இறால் வளர்க்கக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். உப்புத் தண்ணீர் அவர்களுக்குத் தோதாக இருந்தது. பவானி கரையில், தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, தீவன மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தன் நிலத்திலேயே தினக்கூலி.

"வாங்கண்ணே," என்றாள்.

"பணம் கொண்டாந்தேன் தங்கச்சி. நாப்பது."

அவள் மூட்டையை விட்டுவிட்டுக் கையைப் புடவையில் துடைத்தாள். கரைக்குள் கிடந்த தண்ணீரைக் காட்டினாள்.

"இனிமே இத வச்சி எதண்ணே தோண்டுறது?"

  மணவாளன் இடுப்பிலிருந்து பையை எடுத்தான். பழைய நூறும் இருநூறும் ஐநூறுமாகக் கலந்து கிடந்தது. முழுக் கட்டையும் அப்படியே நீட்டினான்.

"தண்ணி வெளிச்சத்துல எனக்குக் கண்ணு கூசுது. நீங்களே எண்ணி வைங்க," என்றாள் பவானி. கையை நீட்டினாள். உள்ளங்கை முழுக்கத் தீவனத் தூள், ரேகைக்குள் எல்லாம் பழுப்பாக.

அவன் எண்ணத் தொடங்கினான். நடுவில் எண்ணிக்கை தப்பியது. அவள் ஒன்றும் சொல்லாமல் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தாள். அவன் முதலிலிருந்து ஆரம்பித்தான். இந்தத் தடவை ஒவ்வொரு நோட்டையும் சத்தமாகச் சொல்லி வைத்தான், சின்னப் பிள்ளை வாய்ப்பாடு சொல்வதைப் போல. கரையில் வேலை செய்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். காற்றில் நோட்டுகள் படபடத்தன. அவள் கட்டை விரலால் அழுத்திக்கொண்டாள். கடைசி நூறு ரூபாயை அவன் அவள் உள்ளங்கையில் வைத்தான்.